படிமூக்கு ஆல்ஃபா: 1965 ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடி-யை அசல் கெடாமல் சீரமைத்தல்

ஆல்ஃபா ரோமியோ ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடி-யின் பானெட்டை மூடிவிட்டு முன்பக்கம் குனிந்து விரலால் தடவினால் ஒரு சின்னப் படி தட்டுப்படும். பானெட்டின் முன் விளிம்பு, அதற்குக் கீழே உள்ள மூக்குத் தகட்டைவிடச் சில மில்லிமீட்டர் தூக்கலாக நிற்கும். வேண்டுமென்றே வைத்த அமைப்பு அது. இத்தாலியர்கள் ஸ்காலினோ என்பார்கள், சின்னப் படி என்று பொருள். வண்டி உடல் வடிவமைக்கும் பெர்தோனே நிறுவனத்தில் வேலை பார்த்த ஜார்ஜெட்டோ ஜூஜாரோ இருபதுகளின் தொடக்கத்தில் வரைந்த வண்டி இது. 1963-ல் மிலானுக்குப் பக்கத்தில் ஆரேசேயில் அறிமுகமானது.

மூக்கில் அடிபட்டுப் பழுதுபார்த்த வண்டிகள் பலவற்றில் இந்தப் படி இருக்காது. டிங்கரிங் செய்தவர் அதைத் தகடு சரியாக உட்காராத குறை என்று நினைத்து, பட்டி பூசி, தேய்த்து, சமமாக்கியிருப்பார். வேலை சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் வண்டியின் முகம் போயிருக்கும். பழைய இத்தாலிய வண்டிகளின் அசல் பெரும்பாலும் இப்படித்தான் தொலைகிறது: துருவால் பாதி, நல்லெண்ணத்தோடு செய்த வேலையால் பாதி.

இந்த ஆய்வுக்கு ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்வோம். இந்த வரிசை வண்டிகள் பல ஆண்டு ஓடாமல் நின்றுவிட்டுப் பட்டறைக்கு வரும்போது வழக்கமாக இருக்கும் நிலைதான் அதற்கும். 1965-ல் கட்டிய இடது ஸ்டியரிங் வண்டி. பியாங்கோஸ்பினோ என்ற பால்வெள்ளை நிறம். வலது முன் மட்கார்டு மட்டும் ஒருமுறை பெயின்ட் கண்டது. இரண்டு பக்கமும் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டம் அரித்திருக்கிறது. நம் பட்டறைகளில் ரன்னிங் போர்டு என்பார்கள். என்ஜின் சுற்றவில்லை. பிரேக் நான்கும் இறுகியிருக்கின்றன. சீட் துணி வெளுத்திருக்கிறது, கிழியவில்லை. டேஷ்போர்டு முழுசாக இருக்கிறது.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்

முதல் வேலை காகித வேலை. ஆரேசேயில் உள்ள ஆல்ஃபா ரோமியோ ஆவண மையத்துக்கு சேசிஸ் எண்ணை அனுப்பினால், வண்டி எப்போது கட்டப்பட்டது, என்ன நிறம், முதலில் எங்கே விற்பனைக்குப் போனது என்ற விவரத்தைச் சான்றாகத் தருவார்கள். ஆல்ஃபாவில் என்ஜின் எண் வரிசை வேறு, சேசிஸ் எண் வரிசை வேறு; இரண்டும் ஒன்றாக இருக்காது. அதனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ‘ஜோடி சரி’ என்று சொல்ல முடியாது. சேசிஸ் எண், என்ஜின் அறையின் பின்சுவரில் நேரடியாகத் தகட்டில் அடித்திருக்கும். ஸ்பிரிண்ட் ஜிடி-யின் 1570 சிசி என்ஜினில் ஏஆர் 00502 என்று தொடங்க வேண்டும். 00502 இருந்தால் வகை சரி என்று மட்டுமே பொருள். அதே என்ஜின்தானா என்பதற்குப் பதிவேடும் பழைய பதிவுத் தாள்களும்தான் சாட்சி.

அடுத்தது அளவெடுப்பு. பெயின்ட் கனமானியை வைத்து ஒவ்வொரு தகட்டிலும் ஏழெட்டு இடங்களில் அளந்து ஒரு படத்தில் குறிக்க வேண்டும். அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் காட்டும். 250-ஐத் தாண்டினால் மேலே ஒரு பூச்சு ஏறியிருக்கிறது. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது, அல்லது தொழிற்சாலையிலேயே மூட்டில் ஊற்றிய ஈயம் இருக்கிறது. ஈயமா பட்டியா என்பதை இடம் சொல்லிவிடும். தகடுகள் சேரும் மூட்டில் மட்டும் கூடினால் ஈயமாக இருக்கலாம், தகட்டின் நடுவில் கூடினால் அடிபட்ட இடம். ஈயம் இருக்கும் இடத்தில் சாண்டர் வைக்கவே கூடாது, தூசி விஷம். அரத்தால்தான் இழைக்க வேண்டும், முகமூடி கட்டாயம்.

கதவு இடைவெளியை முன்விளிம்பில் மூன்று இடம், பின்விளிம்பில் மூன்று இடம், அடியில் இரண்டு இடம் என அளந்து எழுதி வைக்க வேண்டும். இந்தத் தாள் பின்னால் தங்கம்போல் உதவும்.

உட்பலகைகளைக் கழற்றும்போது பின்பக்கம் பார்க்காமல் துடைத்துவிடக் கூடாது. தொழிற்சாலையில் சாக்குக்கட்டியாலோ மெழுகுப் பென்சிலாலோ எழுதிய குறி சில வண்டிகளில் அப்படியே நிற்கும். ஈரத்துணி ஒருமுறை பட்டால் போதும், அறுபது ஆண்டு கடந்து வந்தது போய்விடும்.

எதை வைப்பது, எதை மாற்றுவது

பழைய வண்டிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2013-ல் டுரின் சாசனத்தை உறுதிசெய்தது. நினைவுச் சின்னங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதியது அது. அதன் சாரம் பட்டறைக்கு நேராகப் பொருந்தும்: குறைவாகத் தொடு, செய்ததை எழுதி வை, புதிதாகப் போட்டதைப் புதிது என்று அடையாளம் காணும்படி செய், முடிந்தவரை திரும்பக் கழற்றக்கூடிய வேலையாகச் செய்.

பழைய நிலையே மதிப்பு என்று சந்தையும் புரிந்துகொண்டதற்கு எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு பய்யோன் குடும்பத்தின் சேகரிப்பு. பிரான்சின் மேற்குப் பகுதியில் கொட்டகைகளில் கிடந்த வண்டிகள் 2014-ல் வெளியே தெரிந்தன. அவற்றில் ஒன்று, ஒரு காலத்தில் நடிகர் அலென் டெலோனிடம் இருந்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். மேலே பழைய பத்திரிகைக் கட்டுகள் அடுக்கியிருந்த நிலையில் கண்டெடுத்தார்கள். 2015 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் தூசி தட்டாமல் அப்படியே நிறுத்தியே விற்றார்கள். விலை சுமார் 1 கோடியே 63 லட்சம் யூரோ.

ஆல்ஃபாவுக்கு அந்த விலை வராது. முறை ஒன்றுதான். நம் மாதிரி வண்டியில் மூன்று அடுக்காகப் பிரிக்கலாம். உயிர் சம்பந்தப்பட்டவை, அதாவது பிரேக் குழாய், டயர், பெட்ரோல் ஹோஸ், ஸ்டியரிங் மூட்டு: தயங்காமல் மாற்ற வேண்டும். வேலை செய்ய வேண்டிய ஆனால் சீர்செய்யக்கூடியவை, என்ஜின், கியர்பாக்ஸ், காலிப்பர், கார்பரேட்டர்: அதே உறுப்பை மீட்டெடுக்க வேண்டும். கண்ணில் படும் மேல்தோல், அதாவது பெயின்ட், சீட் துணி, டேஷ்போர்டு, கண்ணாடி: சுத்தம் செய்து நிறுத்திக்கொள்ள வேண்டும். தகராறு வருவது துருப்பிடித்த இடத்தில். அங்கே முதல் அடுக்கும் மூன்றாம் அடுக்கும் மோதுகின்றன.

ரன்னிங் போர்டு

இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கதவுக்கடிச் சட்டம்தான் முதுகெலும்பு. வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு என மூன்று அடுக்கு. விண்ட்ஸ்கிரீனுக்குக் கீழே உள்ள காற்றுத் தொட்டியில் விழும் மழைநீர் வெளியேறும் துளைகள் இலைதழையால் அடைபட்டால், தண்ணீர் வேறு வழி தேடி உள்ளே இறங்குகிறது. முன் சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் அடியில் சேரும் சேறு வெளியிலிருந்து ஊறவைக்கிறது. வெளித் தகட்டில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை தெரிந்தால், நடுத் தகடு ஒரு சாண் நீளத்துக்குத் தூளாகியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

விலை மலிவாக வேலை முடிப்பவர்கள் புது வெளித் தகட்டைப் பழையதன் மேலேயே வைத்து ஒட்டிவிடுவார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் மாட்டிக்கொள்ளும். சில மழைக்காலத்தில் பழையபடி ஓட்டை. ஜாக்கி வைக்கும் இடம் ஒருநாள் உள்ளே நொறுங்கும்.

சரியான முறை இது. வண்டியைச் சஸ்பென்ஷன் தாங்கும் இடங்களில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்த வேண்டும், நடுவில் தாங்கக் கூடாது. கதவைக் கழற்றிவிட்டு, கீல் போல்ட் துளைக்கும் பூட்டுத் துளைக்கும் நடுவே 25 மி.மீ. சதுரக் குழாயால் குறுக்குத் தாங்கு கொடுக்க வேண்டும். குழாயை போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். வெல்டு வைத்து நிறுத்தினால் தூணில் இருக்கும் அசல் பெயின்ட் வெந்துபோகும். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகுதான் மறுபக்கம் கத்தி வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் அறுத்தால் உடல் நடுவில் தொய்ந்துவிடும், கதவின் மேல் இடைவெளி ஒட்டிக்கொள்ளும், அதன்பின் எவ்வளவு கீலைத் திருகினாலும் சரியாகாது.

ஸ்பாட் வெல்டுகளை 8 மி.மீ. ஸ்பாட் வெல்டு கட்டரால் மேல் தகடு மட்டும் விடுபடும்படி துளைக்க வேண்டும். கழற்றும் முன்பே வெல்டுப் புள்ளிகளின் இடைவெளியை அந்த வண்டியிலேயே அளந்து ஒரு அட்டையில் குத்தி வைத்துக்கொண்டால், திரும்ப வைக்கும்போது அதே இடத்தில் வைக்கலாம். ஸ்பாட் வெல்டர் கை எட்டும் இடமெல்லாம் ஸ்பாட் வெல்டு. எட்டாத இடத்தில் மட்டும் துளை நிரப்பு வெல்டு. நல்ல தகட்டோடு புதுத் தகடு சேரும் இடத்தில் முனையோடு முனை வைத்து டிக் வெல்டிங், ஒவ்வொரு புள்ளியாகத் தள்ளித் தள்ளி. ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு அலைபாயும்.

எவ்வளவு வெட்டுவது? சுத்தமான இரும்பு தெரியும் வரை. அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட வேண்டாம். ரெடிமேடு தகடு முழு நீளத்துக்கும் கிடைக்கிறது என்பதற்காக முழு நீளத்தையும் மாற்றுவது வசதிக்காகச் செய்யும் வேலை. முன்பாதி கெட்டிருந்தால் முன்பாதி மட்டும். பல ரெடிமேடு தகடுகளில் அடியில் நீர் வடியும் துளைகள் இருக்காது. பழைய தகட்டைப் பார்த்து அதே இடத்தில் போட வேண்டும். இதை மறந்தால் செய்த வேலை முழுவதும் வீண்.

மூடும் முன் உள்பக்கம் வெல்டு பிரைமர், மெல்லிசாக. கனமாக அடித்தால் வெல்டில் குமிழி விழும். பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு குழிக்குள் மெழுகு பீய்ச்ச வேண்டும். முன்னாடியே பீய்ச்சினால் வெல்டிங் சூட்டில் தீப்பிடிக்கும்.

உடல் முழுவதையும் அமிலத் தொட்டியில் முக்கி எடுப்பது பலருக்கு ஆசை. இந்த வண்டிக்கு அது கூடவே கூடாது. அமிலம் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, பெயின்ட் அடித்த பிறகு மூட்டுகளில் பழுப்பாகக் கசியும். அசல் பெயின்ட், அசல் ஈயம், பென்சில் குறி எல்லாம் அதோடு போகும். அடிப்பகுதியைச் சுத்தம் செய்ய உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வீச்சு நல்லது. தண்ணீர் இல்லை, அரிப்பு இல்லை, கிரீஸ் மட்டும் உதிரும். தரையில் ஒட்டிய தார்ச் சீட்டு ஈரம் பிடித்திருந்தால், உலர்பனிக் கட்டிகளை மேலே பரப்பி வைத்தால் −78 டிகிரியில் கண்ணாடிபோல் நொறுங்கும், சுரண்ட வேண்டாம்.

என்ஜின்

இரட்டை கேம், அலுமினிய பிளாக், அலுமினிய ஹெட், பிஸ்டன் ஓடும் உட்குழாயாக, தண்ணீர் நேரடியாகச் சுற்றும் வார்ப்பிரும்பு லைனர். 78 மி.மீ. போர், 82 மி.மீ. ஸ்ட்ரோக், இரண்டு வெபர் 40 டிசிஓஇ கார்பரேட்டர், 106 குதிரைத்திறன்.

நீண்ட நாள் நின்ற என்ஜினை ஸ்டார்ட்டர் கொண்டு திருப்பக் கூடாது. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி, நாலைந்து நாள் விட்டு, முன்பக்கப் புல்லி நட்டில் ஸ்பானர் வைத்து முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். ஹெட்டைத் தூக்குவதுதான் பெரிய சோதனை. ஸ்டட் இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே உப்பு பூத்து இறுகியிருக்கும். உளியை நடுவில் கொடுத்து நெம்பியவர்களின் கைவண்ணத்தைப் பழைய ஹெட்டுகளின் விளிம்பில் இன்றும் காணலாம். அந்த வெட்டு வழியாகத்தான் பின்னால் தண்ணீர் கசியும். ஸ்டட் துளைகளில் எண்ணெய், மிதமான சூடு, மீண்டும் எண்ணெய், பிறகு நேராக மேலே இழுக்கும் புல்லர். நாள்கணக்கில் ஆகட்டும்.

ஹெட் வந்ததும் கிராங்கைத் திருப்பக் கூடாது. லைனர்களை அழுத்திப் பிடித்திருந்தது ஹெட்தான். அது இல்லாமல் பிஸ்டன் மேலே வந்தால் லைனரையும் தூக்கிவரும். அடியில் இருக்கும் சீல் விட்டு, தண்ணீர் ஆயில் தொட்டிக்குப் போகும். ஸ்டட்டில் குழாய்த் துண்டும் பெரிய வாஷரும் போட்டு லைனர்களைப் பூட்டிய பிறகுதான் எதையும் சுற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது லைனர் பிளாக்கைவிட மயிரிழை தூக்கலாக இருக்க வேண்டும், 0.06 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது, நான்கும் ஒரே அளவில் நிற்க வேண்டும். ஒன்று தாழ்ந்தால் அங்கே கேஸ்கட் ஊதும்.

ஹெட்டைச் சமதள அடிக்கோலும் 0.05 மி.மீ. ஃபீலர் தகடும் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் இழைக்க வேண்டும். ‘எதற்கும் ஒரு இழைப்பு’ என்று லேத்காரர் சொல்வதைக் கேட்கக் கூடாது. போன அலுமினியம் திரும்ப வராது, அடுத்த தலைமுறைக்கும் இந்த ஹெட் வேண்டும்.

வால்வு இடைவெளி சூடாறிய நிலையில் உள்வால்வுக்கு 0.475 முதல் 0.500, வெளிவால்வுக்கு 0.525 முதல் 0.550 மி.மீ. இதைத் திருகிச் சரிசெய்ய முடியாது. கேம் அழுத்தும் கிண்ணத்துக்கு அடியில் வால்வுத் தண்டின் தலையில் உட்காரும் சின்னத் தொப்பியை வேறு கனத்தில் மாற்ற வேண்டும். அதற்கு கேம்ஷாஃப்டையே கழற்ற வேண்டும். அதனால் எட்டு வால்வையும் முதலில் அளந்து தாளில் எழுதி, எட்டுக்கும் கணக்குப் போட்டுவிட்டு, கேமை ஒரே முறை கழற்றுவதுதான் புத்திசாலித்தனம். இடைவெளி குறைந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. வெளிவால்வின் தண்டுக்குள் சோடியம் இருக்கிறது. பழைய வால்வை வெட்டவோ உருக்கவோ கூடாது.

கார்பரேட்டர் எவ்வளவு ஜெட் மாற்றினாலும் மெதுவோட்டம் அலைபாய்ந்தால், பெரும்பாலும் குற்றவாளி கார்பரேட்டருக்கும் மானிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பிணைத்த தாங்கி. வெளியில் முழுசாகத் தெரியும், அடியில் வெடித்திருக்கும், அது வழியாகக் காற்றை உறிஞ்சும். இதை மட்டும் புதிதாகப் போட வேண்டும். பொலோன்யா முத்திரை பதித்த அசல் கார்பரேட்டரின் உடலைப் பளபளப்பாகப் பாலிஷ் போடாமல், கழுவித் துடைத்து அந்த மங்கல் சாம்பல் நிறத்தோடே மாட்ட வேண்டும்.

அசல் என்ஜின் இல்லாமல் பெரிய 2 லிட்டர் என்ஜின் மாட்டிய வண்டி கையில் கிடைத்தால்? அதே 00502 வகை என்ஜின் தேடலாம். கிடைத்ததை அதன் சொந்த எண்ணோடே மாட்டி, ‘மாற்று என்ஜின்’ என்று கோப்பில் எழுத வேண்டும். எண்ணை அரத்தால் தேய்த்து வேறு எண் அடிப்பது மோசடி. அதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

கியர்பாக்ஸில் ஐந்து கியர், போர்ஷே வகை சிங்க்ரோ, அதாவது கியர் மாறும்போது வேகத்தைச் சமமாக்கும் வளையம். குளிர்ந்த நிலையில் இரண்டாம் கியர் கரகரக்கும். லேசான கரகரப்புக்காகப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். முதலில் சரியான ஆயில் மாற்றிப் பார்க்கலாம். மிக வழுக்கலான ஆயிலில் இந்த வளையம் பிடிக்காது.

பிரேக்

ஆரம்ப கால ஸ்பிரிண்ட் ஜிடி-யில் நான்கு சக்கரத்திலும் டன்லப் டிஸ்க். பின்னால் வந்த வண்டிகளில் ஆட்டே நிறுவனத்தின் டிஸ்க். டன்லப் உறுப்புகள் கிடைப்பது கடினம் என்பதால் பலர் ஆட்டேக்கு மாற்றிவிடுகிறார்கள். மாற்றத் தேவையில்லை. டன்லப் காலிப்பரில் சிலிண்டர் தனியாகக் கழன்று வரும். துருவால் குழிவிழுந்த சிலிண்டரை லேத்தில் குடைந்து துருப்பிடிக்காத எஃகு உறை செருகி, பழைய அளவுக்கே கொண்டுவரலாம். புது சீல், புது ஹோஸ், புது இரும்புக் குழாய், டாட் 4 பிரேக் எண்ணெய். ஒரே சுற்று பிரேக் என்பதால் ஒரு இடத்தில் கசிந்தால் நான்கும் போகும். அதனால் ஹோஸ் விஷயத்தில் வருடத்துக்கு ஒருமுறை கண் வைக்க வேண்டும். டயர் 155 அளவு, 15 அங்குலம். அகல டயர் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், வண்டியின் துள்ளல் செத்துவிடும்.

முன் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: அடித்தட்டின் போல்டுகளை நேராகக் கழற்றினால் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொல்லும். நீண்ட மரைக் கம்பிகளை மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றி இறக்க வேண்டும்.

தோல்

வண்டியின் மேல்தோலைச் சுத்தம் செய்ய நடுநிலைச் சோப்பு நீர், பருத்தி உருண்டை, முதலில் மறைவான இடத்தில் சோதனை. உருண்டையில் வெள்ளை ஏறினால் பெயின்ட் தானே தூளாகிக்கொண்டிருக்கிறது. அங்கே தேய்ப்பதை நிறுத்த வேண்டும். கட்டிங் காம்பவுண்டு வேண்டவே வேண்டாம், 90 மைக்ரானில் எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லை. மேலே மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு போதும்.

வெல்டிங் செய்த ரன்னிங் போர்டுக்கும் முன்பு பெயின்ட் கண்ட வலது மட்கார்டுக்கும் மட்டும் புதுப் பெயின்ட். நிறத்தை அட்டவணையிலிருந்து எடுத்தால் பக்கத்துத் தகட்டோடு சேராது, வெயில் பட்ட வெள்ளை மஞ்சளித்திருக்கும். வெயில் பட்ட தகட்டைப் பார்த்தே கலக்க வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் அசல் நிறத்தைத் தனியாகப் படம் எடுத்துக் கோப்பில் வைத்தால் போதும். ஒரே அடுக்குப் பெயின்ட்தான், மேலே கிளியர் கோட் அடித்தால் தகடு பிளாஸ்டிக்போல் மின்னும்.

டேஷ்போர்டின் சாம்பல் நிறச் சுருக்கப் பூச்சு இந்த மாடலின் அடையாளம். அடுத்து வந்த வேலோச்சே மாடலில் மரத்தோற்றம் வந்துவிட்டது. மென்தூரிகையால் தூசி எடுத்தால் போதும். சீட்டில் நடுவே துணி, ஓரத்தில் வினைல். தையல் விட்ட இடத்தில் பழைய ஊசித் துளைகள் வழியாகவே புது நூல் ஓட வேண்டும். புதுத் துளை போட்டால் வினைல் அஞ்சல்தலைபோல் கிழியும். வயரிங்கில் வெடித்த இடங்களை மட்டும் அதே நிற வயரால் மாற்றி, ஹெட்லைட் சுமைக்கு ஒரு ரிலேயைக் கிரில்லுக்குப் பின்னால் எளிதில் கழற்றும்படி மறைத்து வைக்கலாம்.

கண்ணாடியை எடுக்கும்போது ரப்பரைக் கத்தியால் அறுத்துவிட வேண்டும். ரப்பர் புதிதாகக் கிடைக்கும், முத்திரை உள்ள கண்ணாடி கிடைக்காது.

சாலைக்கு இறங்கிய பின்

முதல் 500 கிலோமீட்டருக்குப் பின் ஹெட் நட்டுகளை உற்பத்தியாளர் சொன்ன வரிசையில் மறுபடி முறுக்க வேண்டும், வால்வு இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும். கதவு இடைவெளியை ஆரம்பத்தில் எழுதிய தாளோடு ஒப்பிட வேண்டும். அரை மில்லிமீட்டருக்கு மேல் மாறியிருந்தால் ரன்னிங் போர்டு இன்னும் இறங்குகிறது, காரணம் கண்டுபிடிக்காமல் ஓட்டக் கூடாது. புதுத் தகடுகளின் உள்பக்கம் தேதி குத்தியிருக்க வேண்டும்.

வெட்டி எடுத்த ரன்னிங் போர்டுத் துண்டுகள், பழைய ஹோஸ்கள், வெடித்த கார்பரேட்டர் தாங்கி, தேய்ந்த வால்வுத் தொப்பிகள் எல்லாவற்றையும் சீட்டு ஒட்டி ஒரு பெட்டியில் வைத்து வண்டியோடே ஒப்படைக்க வேண்டும். படிமூக்கின் உயரத்தை இடது, நடு, வலது என மூன்று இடத்தில் அளந்த எண்ணும் அந்தக் கோப்பில் இருக்கட்டும். அடுத்த முறை மூக்கில் அடிபட்டால், டிங்கரிங் செய்யப்போகிறவருக்கு அந்த மூன்று எண்கள்தான் தேவைப்படும்.